பெரம்பூரிலிருந்து மதுரைக்கு மின்கார்: 24, 45, 79 யூனிட் பேட்டரிகளில் எது தோது?

தாம்பரத்தில் இருப்பவர் வண்டியை எடுத்ததுமே ஜிஎஸ்டி சாலை. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர்க்காரருக்கு அப்படியில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து பெருங்களத்தூரைத் தொடவே 35 முதல் 50 கிலோமீட்டர் போய்விடும். அதனால் "சென்னை–மதுரை" என்று எழுதப்படும் மின்கார் கணக்குகளை வடசென்னையில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே பெரம்பூரைப் புறப்படும் இடமாக வைத்து, மாதவரம் ரவுண்டானா, சென்னை பைபாஸ், திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, திருச்சி வழியாக மதுரைக்குச் சுமார் 470 கிலோமீட்டர் என்று கொண்டு மூன்று வகை வண்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

சிறியது: 24 யூனிட் பேட்டரி உள்ள டியாகோ ஈவி. நடுத்தரம்: 45 யூனிட் நெக்ஸான் ஈவி. விண்ட்சர் 38, கிரெட்டா எலக்ட்ரிக் 42 ஆகியவையும் ஏறத்தாழ இந்தக் கூட்டம்தான். பெரியது: 79 யூனிட் மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ.

ஒரு சார்ஜில் எவ்வளவு ஓடும்

கம்பெனி சொல்லும் தூரத்தை வைத்துப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. நெக்ஸான் 45-க்கு 489, பிஇ 6 79-க்கு 683 என்று சான்றிதழில் இருக்கும். நாலு பேர், பெட்டிகள், ஓடிக்கொண்டே இருக்கும் ஏசி, நெடுஞ்சாலையில் 90 வேகம் என்றால் நெக்ஸானுக்கு 300, பிஇ 6-க்கு 460 என்று பிடியுங்கள். டியாகோவை 80-ல் ஓட்டினால் 180. இதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் லாபம்தான், ஆனால் திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

வேகம்தான் இங்கே பெரிய ஆள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. 90-ல் போகும்போது கிலோமீட்டருக்கு 150 வாட்-அவர் (1,000 வாட்-அவர் ஒரு யூனிட்) குடிக்கும் வண்டி 110-ல் 180-ஐத் தொடும். ஏசியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். உச்சி வெயிலில்கூட அது மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்தான் எடுக்கும். பொங்கலுக்கு முந்தைய நாள் பெருங்களத்தூர் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் 45 யூனிட் பேட்டரியில் போவது மூன்று சதவீதம். ஏசியை அணைத்துக் குழந்தைகளை வாட்டாமல், நெரிசல் விட்ட பிறகு 110-க்கு விரட்டுவதை மட்டும் தவிர்த்தால் போதும்.

ஊரைத் தாண்டும் வழியும் இதே கணக்கில் வரும். டீசல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் கோயம்பேடு, கத்திப்பாரா வழியை "எண்ணெய் தின்னும் வழி" என்று ஒதுக்குவார்கள். மின்காருக்கு அது பொருந்தாது. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் கரன்ட் பேட்டரிக்கே திரும்பி வருவதால், நின்று நின்று போவதில் பேட்டரி அவ்வளவாக இறங்காது. நேரம்தான் இறங்கும். மீஞ்சூர், மணலி புதுநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வண்டலூர் வரை போகும் வெளிவட்டச் சாலை அருமையான வழி. ஆனால் அந்த 62 கிலோமீட்டரையும் காலியாக இருக்கிறதே என்று 100-க்கு மேல் அழுத்தினால் பைபாஸைவிட அதிக கரன்ட் போகும். விடியற்காலை நாலரைக்கு முன்னால் கிளம்பினால் எந்த வழியும் நல்ல வழிதான்.

புறப்படும்போது எத்தனை சதவீதம்

ஒப்பீட்டில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான், வடசென்னையில் இதுவே முதல் கேள்வியும். ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் இருப்பதே அரிது. கொளத்தூர், பெரம்பூர் அடுக்குமாடிகளில் இடம் இருக்கும், ஆனால் அங்கே 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்காது.

15 ஆம்பியர் பாயின்டில் வண்டியோடு வரும் சார்ஜர் சுமார் 3 கிலோவாட் இழுக்கும். வழியில் ஆகும் சேதாரம் போக பேட்டரிக்குள் போவது மணிக்கு 2.7 யூனிட் அளவு. 20 சதவீதத்திலிருந்து முழுதாக ஏற டியாகோவுக்கு 7 மணி நேரம், நெக்ஸானுக்கு 13, பிஇ 6-க்கு 23-க்கு மேல். ஆக, சிறிய வண்டி ஒரே இரவில் நிரம்பிவிடும். பெரிய வண்டி வெள்ளிக்கிழமை ராத்திரி செருகினால் சனிக்கிழமை ராத்திரிதான் நிரம்பும். 79 யூனிட் வாங்கினால் 7.2 கிலோவாட் சுவர் சார்ஜரும், அதற்கு வீட்டு லோடை உயர்த்தும் செலவும் கூடவே வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது பத்து மணி நேரத்தில் நிரம்பும்.

15 ஆம்பியர் போதும் என்பவர்கள் செய்ய வேண்டியது: மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்), நல்ல எர்த். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கவிடுவது ஆபத்து. கிரைண்டர் பத்து நிமிடம் ஓடும், கார் பத்து மணி நேரம் அதே ஆம்பியரை விடாமல் இழுக்கும். மெல்லிய ஒயரும் தளர்ந்த சாக்கெட்டும் உருகுவது அதனால்தான். கடலோரத்தில் இன்னொரு தொல்லை. காசிமேடு, எண்ணூர் உப்புக்காற்றில் சாக்கெட்டின் உள்ளே செம்பு பச்சை பிடிக்கும், எர்த் கம்பி அரித்துப்போகும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி ஏற்ற மறுக்கும். வண்டியில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை வீட்டில்தான்.

வீட்டில் ஏற்றவே வழியில்லை, 60 சதவீதத்தோடுதான் கிளம்புகிறோம் என்றால்? டியாகோவுக்கு ஒரு நிறுத்தம் கூடும், அதாவது ஒரு மணி நேரம். நெக்ஸானுக்கு நிறுத்தங்கள் அதிகமாகாது. முதல் நிறுத்தம் உளுந்தூர்பேட்டைக்குப் பதில் திண்டிவனத்துக்கு முன்னேறி வரும், மொத்தத்தில் அரை மணி நேரம் இழப்பு. பிஇ 6-க்கும் ஒரே நிறுத்தம்தான், ஆனால் அங்கே 50 யூனிட் ஏற்ற வேண்டும். நல்ல சார்ஜர் கிடைத்தால் அரை மணி நேரம், கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

வழியில் எங்கே, எவ்வளவு நேரம்

முழு பேட்டரியோடு கிளம்பினால்:

டியாகோ: மூன்று நிறுத்தம். திண்டிவனம், தொழுதூர், விராலிமலைப் பக்கம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

நெக்ஸான்: இரண்டு நிறுத்தம். உளுந்தூர்பேட்டை, திருச்சி. இரண்டும் சேர்ந்து ஒரு மணி பத்து நிமிடம்.

பிஇ 6: ஒரு நிறுத்தம். திருச்சிக்கு முன்னாலோ பின்னாலோ எங்கே வேண்டுமானாலும். 20–25 நிமிடம்.

டியாகோவின் சிக்கல் நேரம் மட்டுமல்ல. அது உள்ளே வாங்கும் வேகமே குறைவு. 120 கிலோவாட் சார்ஜரில் செருகினாலும் 10-லிருந்து 80-க்கு வர ஒரு மணி நேரம் ஆகும். அதைவிட முக்கியம், மாற்று வழி இல்லாமை. தொழுதூரில் போய் நிற்கும்போது கையில் 35 கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. அங்கே சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால் அடுத்தது எட்டுமா என்பது அதிர்ஷ்டம். திருச்சியில் ஏற்றிக்கொண்டு நேரே மதுரை போகலாம் என்றால் 135 கிலோமீட்டருக்கு 80 சதவீதம் பத்தாது, 95 வரை ஏற்ற வேண்டும். அந்தக் கடைசி 15 சதவீதம் மிக மெதுவாக ஏறும். குடும்பத்தோடு மதுரைக்கு டியாகோவில் போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில்.

ஆனால் வடசென்னைக்காரர் அதிகம் போகும் திருப்பதிக்கு அதே டியாகோ போதும். மாதவரத்திலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக 130 கிலோமீட்டர் அளவு. கீழ்த் திருப்பதியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போங்கள். சுமார் 700 மீட்டர் உயரம் ஏற, தூரத்துக்கான கரன்ட் போக மூன்று யூனிட் தனியாகப் போகும். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பி வரும். பேட்டரி 95-க்கு மேல் நிரம்பியிருந்தால் மட்டும் அது வராது, பிரேக்தான் சூடாகும்.

நெக்ஸானுக்கு வருவோம். உளுந்தூர்பேட்டையில் ஒரே தடவையாக 100 வரை ஏற்றிக்கொண்டு 12 சதவீதத்தோடு மதுரையைத் தொடுவதும் முடியும். அது 75–80 நிமிடம், தடுக்கி விழுந்தால் தாங்க ஒன்றுமில்லை. இரண்டு இடத்தில் 30–40 நிமிடம் என்றால் மொத்த நேரமும் குறைவு, மதுரையில் 35 சதவீதம் மிச்சமும் இருக்கும். பேட்டரி 80-ஐத் தாண்டியதும் உள்ளே வாங்கும் கரன்டைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதே காரணம். ஒரு நிறுத்தத்தில் காலை டிபன், அடுத்ததில் மதியச் சாப்பாடு. குழந்தைகளோடு போகிறவர்கள் எப்படியும் இந்த இரண்டு இடத்திலும் நிற்கத்தான் போகிறார்கள்.

பிஇ 6 இங்கேதான் தன் விலையை நியாயப்படுத்த வேண்டும். 175 கிலோவாட் வரை வாங்கும், 20-லிருந்து 80-க்கு 20 நிமிடம் என்பது அந்த அளவு சார்ஜர் கிடைத்தால் மட்டுமே. நெடுஞ்சாலையில் அதிகம் தென்படுவது 60 கிலோவாட், அதிலும் பல இரட்டை கன் (காரில் செருகும் கேபிள் முனை) உள்ளவை. பக்கத்து கன்னில் இன்னொரு கார் வந்து செருகியதும் உங்களுக்கு 30 ஆகிவிடும். 25 யூனிட் ஏற்ற 50 நிமிடம். அதே இடத்தில் நிற்கும் நெக்ஸான்காரரோடு சேர்ந்தே கிளம்புவீர்கள். மாதம் ஒருமுறை திருநெல்வேலி, நாகர்கோவில் என்று 600, 700 கிலோமீட்டர் போகிறவருக்கு 79 வேண்டும். வருஷத்துக்கு நாலு தடவை மதுரை போகிறவருக்கு அது தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கை வீட்டில் முறையான சார்ஜிங் பாயின்ட் போடச் செலவிடுங்கள்.

பணம்

470 கிலோமீட்டருக்கு நடுத்தர வண்டி 70 யூனிட் குடிக்கும். முழுவதையும் வெளியே ஏற்றினாலும் யூனிட் 22 ரூபாய் என்று வைத்து, சேதாரத்தோடு சுமார் 1,650. பாதியை வீட்டிலிருந்து கொண்டுபோனால் 1,300 பக்கம். லிட்டருக்கு 15 ஓடும் பெட்ரோல் வண்டிக்கு 3,100-க்கு மேல். சுங்கம் எல்லாருக்கும் ஒன்றே. வெளிச் சார்ஜிங் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், ஆப்பில் காட்டும் விலை அதைச் சேர்த்தா சேர்க்காமலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு மீட்டரில் ஏற்றினால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் கவனியுங்கள், தாண்டினால் கட்டண அடுக்கே மாறும்.

சார்ஜரில் என்ன கெடும்

ஆப்பில் "கிடைக்கிறது" என்று பச்சையாகக் காட்டுவதை நம்பாமல், அதே இடத்தில் கடைசியாக யார் எப்போது ஏற்றினார்கள் என்ற பதிவைப் பாருங்கள். நேற்று யாராவது ஏற்றியிருந்தால் நம்பலாம். ஸியான், டாடா பவர், ஸ்டாடிக், ஜியோ-பிபி ஆப்புகளைக் கிளம்புவதற்கு முன்பே போட்டு, ஒவ்வொன்றிலும் 500 ரூபாய் வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி வராமல் நிற்பது பெரிய அலைச்சல்.

கன்னைச் செருகியும் சார்ஜ் தொடங்கவில்லை என்றால் முதலில் சிவப்பு அவசர பட்டன் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள், அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் வெளியே வரும். அடுத்து, கன்னின் எடை. தடித்த கேபிள் கீழே இழுக்கும்போது தகவல் ஊசிகள் சரியாகத் தொடாமல் போகும். கன்னை இரு கையாலும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தபடி தொடங்கி, உள்ளே பூட்டும் "டக்" சத்தம் கேட்ட பிறகு விடுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் உதவி எண்ணில் கூப்பிட்டு சார்ஜரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தூரத்திலிருந்தே செய்வார்கள், ஐந்து நிமிடம்.

மே மாத வெயிலில் பெரம்பலூர், திருச்சிப் பக்கம் மதியம் ஒரு மணிக்குச் சார்ஜரே சூட்டில் வேகத்தைக் குறைக்கும். 60 என்று எழுதியிருக்கும், 35 வரும். நிழல் உள்ள இடமாகப் பாருங்கள், இல்லையென்றால் நீளமான நிறுத்தத்தைக் காலையிலேயே முடியுங்கள். டயர் காற்றை வீட்டிலேயே, டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரத் தாளில் முழுச் சுமைக்குப் போட்டிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். பல மின்கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். அதை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் பத்து சதவீதம் தின்னும் என்று வையுங்கள். அந்த மாதங்களில், மழைத்தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை வழியே கிளம்பத் திட்டமிடாதீர்கள்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே சொந்தக்காரர் வீட்டில் செருகுவீர்கள். பழைய ஒயரிங் என்றால் சார்ஜ் ஆம்பியரைக் குறைக்கும் வசதி வண்டியிலோ சார்ஜரிலோ இருக்கிறதா என்று பார்த்து, 6-லோ 8-லோ வையுங்கள். அரை மணி நேரம் கழித்து பிளக்கின் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிட்டு, மறுநாள் ஊரில் உள்ள டிசி (வேகமாக ஏற்றும் பொது) சார்ஜரில் ஏற்றிக்கொள்ளலாம்.