கெப்பல் பேயா, ஃபேரர் பார்க்கா: ஓரறை வீட்டில் ஐந்து பங்கின் கணக்கு

நான் நிரந்தரவாசி, தனியாள். இந்த இரண்டும் சேர்ந்தால் சிங்கப்பூரில் வீவக, அதாவது அரசு வீடமைப்புக் கழக வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். குடிமகனாக இருந்தால் 35 வயதுக்கு மேல் தனியாகவே வாங்கலாம். எனக்கு மிஞ்சியது தனியார் கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடி வளாகத்தில், ஓரறை வீடுதான். முதல் வீடு என்றாலும் நிரந்தரவாசிக்கு 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி உண்டு. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் தேடவே ஆரம்பித்தேன்.

முதலில் மனம் போனது சென்டோசா கோவுக்கு. தீவு, படகுத்துறை, இரவில் தவளைச் சத்தம் மட்டும் கேட்கும் என்றெல்லாம் கற்பனை. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் குடும்பம், பணிப்பெண், நாய் எல்லாம் தாராளமாக இருக்கும்படி கட்டிய பெரிய வீடுகள். என் அளவுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. பார்க்க வரும் நண்பர் காரில் வந்தால் பாலத்திலேயே நுழைவுக் கட்டணம் வேறு. இரண்டு சனிக்கிழமைகளோடு அந்த ஆசை முடிந்தது.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு வீடுகள். ஒன்று கடலோரக் கெப்பல் பேயில், பாலத்துக்கு அப்பால் கெப்பல் தீவைப் பார்த்தபடி. அந்தத் தீவுக்கு முன்பு புலாவ் ஹந்து, அதாவது பேய்த் தீவு என்று பெயர். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. மற்றது லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், 38 வீடுகள் மட்டுமே உள்ள சின்னக் கட்டடத்தில். ஃபேரர் பார்க் நிரந்தர உரிமை, கெப்பல் பே 99 ஆண்டுக் குத்தகை. கெப்பல் பே வீட்டின் விலை ஒரு காரளவு கூடுதல். ஊர் கார் இல்லை, சிங்கப்பூர் கார்.

வாங்கியது கெப்பல் பேயில். அதனால் கீழே எழுதுவது ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

சாப்பாடு, கடைகண்ணி, கோயில் என்று பார்த்தால் ஃபேரர் பார்க்கோடு போட்டியே கிடையாது. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை, பெருமாள் கோயில், வீரமாகாளியம்மன், இரவு பத்து மணிக்கும் சூடாகத் தோசை, எல்லாம் நடக்கிற தூரத்தில். கெப்பல் பேயில் நான்கு எட்டு நடந்தால் கிடைப்பது கடற்காற்று மட்டும்தான். ஆனால் பக்கத்து ஹார்பர்ஃபிரன்ட் நிலையத்தில் வடகிழக்கு ரயில் ஏறினால் லிட்டில் இந்தியா ஐந்தாவது நிறுத்தம். அம்மன் கோயிலுக்கு டிப்போ சாலை ருத்ர காளியம்மன் இருக்கிறாள். சமையலறை இரண்டு வீட்டிலும் ஒரே கதைதான்: கதவே இல்லாத மூலை. கடுகு தாளித்தால் தலையணை வரை மணக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது இவை எதுவுமே இல்லை. மாதப் பராமரிப்புக் கட்டணம்தான்.

ஏஜென்ட்டுகள் இதை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள்: “அங்க 290, இங்க 380, அவ்வளவுதான்.” அப்படிப் பார்த்தால் ஃபேரர் பார்க்தான் மலிவு. மாதம் 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆண்டுக்கு 1,080. நானும் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொகை எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் ஓரறை வீடு வாங்குகிற யாருக்கும் கொஞ்சம் வயிறு எரியும். கொண்டோவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு மதிப்பு என்று ஓர் எண் உண்டு. குடியிருப்புகளில் பெரும்பாலும் 50 சதுர மீட்டர் வரை 5 பங்கு, அதற்கு மேல் 100 வரை 6, 150 வரை 7 என்று ஏறும். என் வீடு 43 சதுர மீட்டர், 5 பங்கு. பக்கத்து வீடு 95 சதுர மீட்டர், 6 பங்கு. ஒரு பங்குக்கு 76 வெள்ளி வீதம் நான் 380 கட்டுகிறேன், அவர்கள் 456. என்னுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் பெரிய வீடு, கட்டணம் 76 வெள்ளிதான் கூட! அந்தக் 43 சதுர மீட்டரிலும் ஏசி வைக்கிற திட்டும் பால்கனியும் அடக்கம்.

அதனால் ஓரறைக்காரர் பார்க்க வேண்டியது இந்த மாதக் கட்டணம் எங்கே போகும், நாளை எவ்வளவு ஏறும் என்பதைத்தான். விற்கிறவர் மூலமாக நிர்வாகக் குழுவின் கணக்கையும் ஆண்டுக் கூட்டக் குறிப்பையும் இரண்டு இடத்திலும் கேட்டு வாங்கினேன்.

ஃபேரர் பார்க் கட்டடத்துக்கு ஏறக்குறைய 20 வயது. மின்தூக்கி பழசு. 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 ஆண்டுக்கு மேல் வயதும் உள்ள கட்டடங்களின் வெளிச்சுவரை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. அந்தச் செலவும் வாசலில் நிற்கிறது. சிங்கிங் ஃபண்ட் என்கிற சேமிப்பிலோ மின்தூக்கியை மாற்றக்கூடப் போதுமான பணமில்லை. கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் இரண்டு ஆண்டு தொடர்ந்து தோற்றிருந்தது. உரிமையாளர்கள் பலர் வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் ஏன் கையைத் தூக்கப்போகிறார்கள்? 290 வெள்ளி மலிவாக இருந்ததன் ரகசியம் இதுதான். கட்ட வேண்டியதைக் கட்டாமல் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

ஒரு பேச்சுக்கு 190,000 வெள்ளி திடீர்ச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 5,000. மாதம் 90 வெள்ளி வீதம் நான்கரை ஆண்டுக்கு மேல் மிச்சம் பிடித்தது ஒரே கடிதத்தில் போய்விடும். கெப்பல் பே வளாகங்களின் அளவே வேறு: கரீபியனில் 969 வீடுகள், ரிஃப்ளெக்‌ஷன்ஸில் 1,129. அங்கே மின்தூக்கிகளும் ஏராளம், அதனால் வெறும் தலைக்கணக்கு முழு நியாயம் ஆகாதுதான். ஆனாலும் காவலர், மேலாளர், குளம் சுத்தம் செய்கிறவர் இவர்களுக்கான சம்பளம் வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறுவதில்லை. நான் வாங்கிய வளாகத்தின் சேமிப்பு திடமாக இருந்தது, கூட்டக் குறிப்பிலும் சண்டை குறைவு. (நாய்களைப் பற்றி மட்டும் நான்கு பக்கம்.)

இனி, எனக்குச் சரியாகத் தெரியாதவை.

மறுவிற்பனை எப்படியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். குத்தகை கரைகிறது. கடலோர ஓரறை வீட்டை வாங்க வருகிறவர் கூட்டமும் சிறியது. வெளிநாட்டினருக்கு 2023 ஏப்ரல் முதல் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு என்பதால் அந்தப் பக்கமும் வற்றிவிட்டது. எங்கள் மாடியில் ஒரு வீடு மாதக்கணக்கில் விற்பனைக்கு நிற்கிறது. வாடகைக்கு விடத்தான் வாங்குகிறீர்கள் என்றால், கேகே மருத்துவமனையும் ஃபேரர் பார்க் மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கிற அந்தப் பகுதிதான் எனக்கும் சரியாகப் படுகிறது. கணக்கு வழக்கு நன்றாக உள்ள வேறு கட்டடமாகப் பாருங்கள். எந்தப் பக்கம் வாங்கினாலும் அவசரமாக விற்கும் எண்ணம் வேண்டாம்: இப்போது வாங்குகிறவர் நான்கு ஆண்டுக்குள் விற்றால் அதற்குத் தனி முத்திரை வரி, முதல் ஆண்டில் 16 விழுக்காடு.

அமைதியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லணும். கும்பகோணத்திலிருந்து வந்து ஒரு மாதம் தங்கிய அம்மா மூன்றாம் நாளே, “என்னடா இது, மனுசக் குரலே கேக்கல” என்றார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கூட்டத்தில் நின்றபோதுதான் முகம் மலர்ந்தது. திரும்பும்போது ரயிலிலேயே தூங்கிவிட்டார். எனக்கு வேலை முடிந்து வந்தால் அந்தக் குரலில்லாமைதான் வேண்டியிருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய இரவில் பெருமாள் கோயிலுக்குப் போய், பால்குடம் புறப்படுவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம்.

உப்புக்காற்றின் கணக்குத்தான் இன்னும் முடியவில்லை. ஒன்றரை ஆண்டில் பால்கனிக் கதவின் உருளைகள் ஒருமுறை மாற்றியாயிற்று. போன முறை வந்த ஏசிக்காரர் வெளிப்பெட்டியின் திருகுகளைத் தடவிப் பார்த்து, “அண்ணே, அடுத்த தடவை இதையும் மாத்திடலாம்” என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். கழற்றிப் பார்த்தால்தான் தெரியுமாம்.