ஆற்காடு சாலை நெரிசலில் ஒரு 125 சிசி ஸ்கூட்டர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சென்னையில் போரூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே, அலுவலக நேரத்து ஆற்காடு சாலையில், பல ஆண்டுகளாக 125 சிசி ஸ்கூட்டர் ஒன்றை ஓட்டி வருகிறேன். மைலேஜ், டிக்கியின் கொள்ளளவு, சர்வீஸ் செலவு ஆகியவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நின்று நின்று நகரும் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே கிடைக்கும் சந்தில் நுழைந்து முன்னேற இந்த வகை வண்டி எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன். இந்தச் சாலையில் வண்டி செய்யும் உண்மையான வேலை அதுதான். இந்த வகுப்பில் விற்பனையாகும் ஸ்கூட்டர்களுக்குள் எடையிலும் அகலத்திலும் பெரிய வேறுபாடு இல்லாததால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை செல்லும் மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதை, கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் தொடங்கி வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் வழியாக இந்தச் சாலையின் தலைக்கு மேலேதான் செல்கிறது. ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை இரண்டு மெட்ரோ தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தூண்களில் அமைவதால், கட்டுமானத் தடுப்புகள் சாலையின் நடுப்பகுதியை ஆண்டுக்கணக்கில் விழுங்கியிருந்தன. காரில் ஒரு மணி நேரம் பிடிக்கும் மாலை நேரத்தில், ஸ்கூட்டரில் அதில் பாதிக்குச் சற்று அதிகமாகத்தான் ஆகும். இந்த வேறுபாட்டுக்கும் வண்டியின் வேகத்துக்கும் தொடர்பு இல்லை. கார்கள் நிற்கும்போது ஸ்கூட்டர் நகர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு இடம் உண்மையில் கிடைக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. நகரச் சாலைகளில் ஒரு தடத்துக்கான வழக்கமான அகலம் 3.5 மீட்டர். ஸ்விஃப்ட் அளவிலான கார் ஏறக்குறைய 1.73 மீட்டர் அகலம் கொண்டது. அடுத்தடுத்த தடங்களில் இரண்டு கார்கள் நடுவில் ஒழுங்காக நின்றால், அவற்றுக்கு இடையே 1.75 மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி இருக்கும். இருபுறத்துக் கண்ணாடிகளையும் கழித்தால் 1.4 மீட்டர் மிஞ்சும். ஸ்கூட்டரின் கைப்பிடி அகலம் சுமார் 0.7 மீட்டர். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரு முழத்துக்கும் குறைவான இடம் கிடைக்கிறது. ஒரு பக்கத்தில் கார் இருந்த இடத்தில் இரண்டரை மீட்டர் அகலமுள்ள மாநகரப் பேருந்து நின்றால், மொத்தச் சந்தே ஒரு மீட்டராகச் சுருங்கிவிடும். அப்போது இருபுறமும் ஒரு சாண் இடம்கூட இருக்காது. இதுவும் தடக்கோடுகள் தெரிகிற, அவற்றை மதிக்கிற சாலைக்கான கணக்கு. வளசரவாக்கத்தில் இரண்டு தடங்களின் அகலத்தில் மூன்று வண்டிகள் நிற்பது வழக்கம் என்பதால், சந்தின் அகலம் காருக்குக் கார் மாறும்.

இந்த நிலையில் வண்டியிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றே: அதன் மிக அகலமான பகுதி என் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஸ்கூட்டரில் அது கைப்பிடியும் கண்ணாடியும்தான். கண்ணாடி நுழைந்துவிட்டால் மீதி வண்டி நுழைந்துவிடும் என்பதை மூளை சில வாரங்களிலேயே பழகிக்கொள்கிறது. விற்பனையகத்தில் இலவசமாகவோ வற்புறுத்தியோ மாட்டிவிடும் லெக் கார்டு என்னும் பாதுகாப்புக் கம்பிச் சட்டம் இந்த ஒழுங்கைக் கெடுத்துவிடுகிறது. அது முழங்காலுக்குக் கீழே, பார்வைக்கு எட்டாத இடத்தில் அகலத்தைக் கூட்டுகிறது. கண்ணாடி தாண்டிய பிறகும் கம்பி எங்காவது பம்பரில் உரசுகிறது. நான் அதைக் கழற்றிவிட்டேன். வண்டி சாய்ந்தால் பேனலில் கீறல் விழும் என்பதை ஒப்புக்கொண்டேதான் கழற்றினேன். பின்னால் இருபுறமும் தொங்கும் பைகளுக்கும் இதே கதி. சுமை இருந்தால் கால் வைக்கும் தட்டையான தளத்தில் வைத்துக்கொள்வதே மேல்.

கண்ணாடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வண்டியின் கண்ணாடிகள் சிறிய கார்களின் கண்ணாடிக்கு மேலே கடந்துவிடுகின்றன. எஸ்யுவிகளின் கண்ணாடிகளோ ஏறத்தாழ அதே உயரத்தில் வந்து நிற்கின்றன. நெரிசலில் போகும் இரு சக்கர வண்டிகளில் கணிசமானவை கண்ணாடியை உள்ளே மடக்கியோ கழற்றியோ ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் சந்தில் செல்லும்போது பின்னால் இன்னொரு வண்டி ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று தெரியாமல் நிற்பதோ திரும்புவதோ மிகவும் மோசமானது. எஸ்யுவியின் அருகில் ஒரு நொடி தாமதிப்பதை, கண்ணாடி இல்லாமல் ஓட்டுவதைவிட நூறு மடங்கு விரும்புகிறேன்.

இதற்கு முன்பு 350 சிசி பைக் ஒன்றை இதே சாலையில் ஓட்டியிருக்கிறேன். அந்த வகுப்பு வண்டிகள் ஏறக்குறைய 195 கிலோ எடையுள்ளவை; ஸ்கூட்டரோ 105 கிலோவை ஒட்டியது. நெடுஞ்சாலையில் அந்த எடை நிம்மதி தரும், சந்தில் அதுவே சுமை. பாதி தூரத்தில் நின்று, கைப்பிடியை ஒடித்து, அடுத்த சந்துக்குத் திருப்பும்போது எடை முழுவதும் ஒரு காலின் மேல் இறங்குகிறது. கிளட்ச் பிடித்தே இடது கை மரத்துப்போகும். மே மாதத்தில் எஞ்சின் சூடு கெண்டைக்காலை வறுத்தெடுப்பது தனிக்கதை.

ஸ்கூட்டரில் கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. அதற்கு உள்ளே ஒரு விலையும் இருக்கிறது. எஞ்சின் குறிப்பிட்ட சுற்று வேகத்தைத் தாண்டிய பிறகே கிளட்ச் ஷூக்கள் (உராய்வுத் துண்டுகள்) விரிந்து, பின் சக்கரத்தைச் சுழற்றும் டிரம்மைப் பிடிக்கின்றன. நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும்போது அவை முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே சூடேறுகின்றன. சமநிலைக்காகச் சற்று ஆக்சிலரேட்டரும் கொஞ்சம் பின் பிரேக்கும் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம், ஓட்டுவதற்கு மிகவும் இதமானது. கிளட்சுக்கு அவ்வளவு நல்லதன்று. நாளடைவில் கிளம்பும்போது வண்டி நடுங்கத் தொடங்கியது. மெக்கானிக் பிரித்து, ஷூக்களின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்துப் போட்டதும் நடுக்கம் போயிற்று. நெரிசலிலேயே ஓடும் வண்டியில் இது திரும்பத் திரும்ப வரும் வேலை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய இரு சக்கர வண்டிகளில் சிபிஎஸ் (இரு சக்கர பிரேக்குகளையும் இணைக்கும் அமைப்பு) அல்லது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கட்டாயம். என் வண்டியில் இருப்பது சிபிஎஸ்; இடது பிரேக்கைப் பிடித்தால் பின் சக்கரத்தோடு முன் சக்கரமும் ஓரளவு பிடிபடும். நேராகச் செல்லும்போது இது நன்மையே. கைப்பிடி திரும்பிய நிலையில் முன் சக்கரம் பிடிபட்டால் வண்டி அந்தப் பக்கம் சாயப் பார்க்கும் என்பதால், சந்தில் வளையும்போது இடது பிரேக்கைத் தடவுவது போல மட்டும் பிடிக்கப் பழகிக்கொண்டேன். மழை நாளில் இது இன்னும் முக்கியம். பள்ளங்களின் மேல் போட்ட இரும்புத் தகடுகளும் தடிமனான வெள்ளைக் கோடுகளும் ஈரத்தில் பிடிமானம் தருவதில்லை. சந்தில் செல்பவருக்கு அந்த வெள்ளைக் கோடுதான் பாதையாக அமைகிறது.

நம் சட்டத்தில் இவ்வாறு நுழைந்து செல்வதற்குத் தனி அனுமதி கிடையாது. தடத்தை மாற்றுவதற்கும் முந்துவதற்கும் 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் விதிகள் இருக்கின்றன. அவற்றை மீறினால் 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நடைமுறையில் சிக்னலில் எல்லோரும் முன்னால் வந்து நிற்பதால், இது தடைசெய்யப்பட்டதுமன்று, அனுமதிக்கப்பட்டதுமன்று என்ற நிலையிலேயே கிடக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 ஜூலை 1 முதல் இதைச் சட்டமாக்கியபோது, மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், முழு உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், நடைபாதை ஓரத்துக்கும் வண்டிகளுக்கும் இடையே நுழையக் கூடாது என்று வகுத்தது. மூன்றில் கடைசி விதி ஆற்காடு சாலைக்கு மிகவும் தேவையானது என்று எனக்குத் தோன்றுகிறது. பேருந்தின் இடப்பக்கம் காலியாகத் தெரியும். அதே இடத்தில்தான் படியிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள். அந்தப் பக்கம் நான் நுழைவதே இல்லை.

என் கணக்கில் 30 கிலோமீட்டர் என்பதே அதிகம். கார்கள் முழுமையாக நின்றிருந்தால் வேகமான நடையளவில் செல்கிறேன். அவை ஓடத் தொடங்கிவிட்டால் ஏதேனும் ஒரு தடத்தில் காராகவே மாறிவிடுகிறேன். நின்ற வரிசையிலும் ஆபத்து காரிடமிருந்து வருவது குறைவு. கார்களுக்கு முன்னால் புகுந்து சாலையைக் கடப்பவர், பேருந்தின் மூக்கு மறைத்த இடத்திலிருந்து திடீரென வெளிப்படுகிறார். ஆட்டோவின் முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்ப்பது அதன் இண்டிகேட்டரைப் பார்ப்பதைவிடப் பயன் தரும். 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிவதால், விளக்கைக் கண்டு கார்க்காரர் விலகுவார் என்ற நம்பிக்கையும் பழையதாகிவிட்டது.

அண்மையில் வீட்டுக்கு வந்த மின்சார ஸ்கூட்டரையும் இதே பாதையில் ஓட்டிப் பார்த்தேன். ஊர்ந்து செல்வதில் அது பெட்ரோல் வண்டியைத் தெளிவாக வென்றுவிடுகிறது. வழுக்கும் கிளட்ச் இல்லை, நடுக்கம் இல்லை, ஆக்சிலரேட்டரைத் துளி திருகினால் துளி மட்டும் நகர்கிறது. சந்து அடைபட்டால் ரிவர்ஸில் பின்வாங்கவும் முடிகிறது. எடை மட்டும் பெட்ரோல் வண்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். சத்தமில்லாமல் வருவதால் சாலையைக் கடப்பவர் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. அடுத்து வாங்கும் வண்டி அந்த வகையாகவே இருக்கும். டெலிவரி எடுக்கும் முன்பே லெக் கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.