பாதுகாப்புக் குழு: கல்லூரிக்கு ஒன்றா, துறைக்கு ஒன்றா?

கல்லூரி முழுமைக்கும் ஒரே குழு என்றால் அதிகாரம் உண்டு. முதல்வர் உட்காரும் கூட்டத்தில் பணம் சீக்கிரம் ஒதுக்கப்படும். ஆனால் வேதியியல் ஆய்வகத்தில் கலந்தால் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடிய நைட்ரிக் அமிலமும் அசிட்டோனும் ஒரே அலமாரியில் நிற்பது அந்த மேசைக்கு எட்டாது. துறைக் குழுவுக்கு எட்டும். கண் கழுவும் குழாயை 10 நொடியில் அடைய முடிய வேண்டும், 15 நிமிடம் தண்ணீர் விடாமல் வர வேண்டும். அதை மறைத்து அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பது லேப் உதவியாளர் கண்ணில்தான் படும். (அவரை விட்டுவிட்டுப் பேராசிரியர்களை மட்டும் குழுவில் போடுவது வீண் வேலை.)

துறைக் குழு தன் துறைத் தலைவரையே குறை சொல்லத் தயங்கும். எல்லாத் துறைக்கும் பொதுவான மாடிப்படி, மின்பலகைக்குப் பொறுப்பாளி இருக்கமாட்டார்.

சிறிய கல்லூரிக்கு ஒரே குழு போதும். ஆய்வகமும் பட்டறையும் நிறைந்த இடத்தில் என் ஓட்டு துறைக் குழுக்களுக்கே, ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் மையக் கூட்டத்துக்குப் போவதாக இருந்தால்.