'அக்ரோமேட்' என்று விற்கப்படும் க்ளோசப் லென்ஸ்: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கப் பணம் கட்டுப்படியாகாமல், தூரத்துப் பொருளை எடுக்கக் கையில் இருக்கிற டெலி லென்ஸின் முன்னால், பூதக்கண்ணாடி போன்ற க்ளோசப் லென்ஸ் மாட்டிப் பூச்சி எடுக்கலாம் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழி நல்ல வழி. ஆனால் நிறக் குறை வராமல் இரண்டு கண்ணாடி சேர்த்துச் செய்கிற 'அக்ரோமேட்' என்ற பெயரில் சாதாரண ஒற்றைக் கண்ணாடியைப் பல மடங்கு விலைக்கு ஆன்லைனில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்கள் வீட்டு மாமரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே அச்சு அசல் முசுறு மாதிரி ஒரு குதிக்கும் சிலந்தி நடமாடும். நிறம், இடுப்பு, நடை எல்லாம் எறும்பு. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும். கிட்டத்தில் பார்த்தால்தான் நேராக முறைக்கிற இரண்டு பெரிய கண்களும் எட்டுக் காலும் தெரியும். பெண் சிலந்தி ஆறு, ஏழு மில்லிமீட்டர்தான் இருக்கும். என்னிடம் இருப்பது 55-250 மி.மீ. டெலி லென்ஸ், 58 மி.மீ. ஃபில்டர் அளவு (முன்னால் மாட்டும் வளையத்தின் விட்டம்), ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமரா. அந்த லென்ஸை மட்டும் வைத்து எடுத்தால் சிலந்தி ஒரு செம்புள்ளியாக வரும்.

இங்கே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விற்பவர்கள் ஏமாற்றுவதே இந்தக் கணக்கில்தான். க்ளோசப் லென்ஸில் போட்டிருக்கும் +2, +4, +5 என்பதெல்லாம் மூக்குக்கண்ணாடிக்குச் சொல்கிற அதே பவர். ஆயிரத்தை அந்த எண்ணால் வகுத்தால் அந்த லென்ஸின் குவியத்தூரம் (தூரத்து ஒளியை அது குவிக்கும் தூரம்) மில்லிமீட்டரில் கிடைக்கும். +2 என்றால் 500, +4 என்றால் 250, +5 என்றால் 200. கேமரா லென்ஸின் ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவில்) வைத்தால், அதன் குவியத்தூரத்தை க்ளோசப் லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம், அதாவது சென்சாரில் விழும் பிம்பம் பொருளைப் போல எத்தனை மடங்கு என்பது. என் 250 மி.மீ. முனையில் +5 போட்டால் 1.25 மடங்கு. இதே +5-ஐ 18-55 கிட் லென்ஸின் 55-இல் மாட்டினால் கால் மடங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பொருளுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரமும் இதே குவியத்தூரம்தான். +5-க்கு 20 செ.மீ. முசுறு கடிக்காத தூரம் அது! ஆகவே '+5 என்றால் ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும்' என்று போட்டிருந்தால் அந்தக் கடையை அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்தது அக்ரோமேட். ஒற்றைக் கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. பவர் கூடக்கூட இந்தக் குறை பெரிதாகும். கிரௌன், ஃப்ளின்ட் என்ற இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து ஒட்டினால் இது பெருமளவு சரியாகிவிடும்; அதுதான் அக்ரோமேட். லண்டனில் ஜான் டாலண்ட் 1758-லேயே காப்புரிமை வாங்கிய முறை இது. கேனனின் 500டி (+2), 250டி (+4) க்ளோசப் லென்ஸ்கள் இரட்டைக் கண்ணாடி. நிக்கான் ஒரு காலத்தில் விட்ட 5டி, 6டி-யும் அப்படித்தான். பலர் வைத்திருக்கும் ரேநாக்ஸ் டிசிஆர்-250 (+8) இரண்டு தொகுதியில் (ஒட்டியவை ஒரே தொகுதி) மூன்று கண்ணாடி. இவற்றுக்கு விலை கூட இருப்பதில் அர்த்தம் இருக்கிறது. +1, +2, +4, +10 என்று நான்காக வரும் செட் ஒற்றைக் கண்ணாடி, விலையும் குறைவு. அதை அதன் பெயரிலேயே விற்றால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. எஃப் 8, எஃப் 11 என்று லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி வைத்து +2-இல் செம்பருத்தி எடுக்க அது தாராளமாகப் போதும்.

நான் ஆர்டர் செய்த பக்கத்தில் தெளிவாக இருந்தது: '+5 அக்ரோமேட், இரண்டு கண்ணாடி, மல்ட்டி கோட்டிங்' (கண்ணாடி மேல் பல அடுக்குப் பூச்சு). விலை நாலாயிரத்துச் சொச்சம். அழகான தகரப் பெட்டியில் வந்தது. கறுப்பு உலோக வளையம், அதில் தங்க நிறத்தில் பொறித்த எழுத்து. எடுத்ததுமே கனம் போதவில்லையே என்று பட்டது. மாமரத்தில் போய் எடுத்தேன். நடுவில் இருந்த சிலந்தியின் முகம் ஓரளவு வந்தது. ஓரத்தில் நின்ற எறும்பின் காலைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் ஊதா கோடு, மறுபக்கம் பச்சைக் கோடு. இலை நரம்பெல்லாம் பால் ஊற்றினது போல மங்கல். எஃப் 11 வைத்தும் ஓரங்களில் அந்த ஊதா போகவில்லை.

அப்புறம்தான் சோதனையில் இறங்கினேன். இவற்றுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

டியூப்லைட்டுக்குக் கீழே லென்ஸைப் பிடித்து லேசாகச் சாய்த்து, கண்ணாடியில் விழும் விளக்கின் பிரதிபிம்பங்களை எண்ணுங்கள். ஒற்றைக் கண்ணாடிக்கு முன் பக்கம் ஒன்று, பின் பக்கம் ஒன்று, ஆக இரண்டு. ஒட்டிய இரட்டைக் கண்ணாடிக்கு மூன்றாவதாக ஒன்று வரும்; ஒட்டிய இடத்திலிருந்து வருவதால் மிக மங்கலாக இருக்கும், பொறுமையாகப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விட்டுச் செய்திருந்தால் நான்கு. என்னுடையதில் எப்படித் திருப்பினாலும் பளிச்சென்று இரண்டுதான்.

பவரையும் பார்த்தேன். பகலில் அறையின் ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு முன்னால் லென்ஸைப் பிடித்தால் வெளியே தூரத்தில் இருக்கும் கட்டடம் தலைகீழாகச் சுவரில் விழும். அது தெளிவாகிற இடத்தில் லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்தால் அதுதான் குவியத்தூரம். +5-க்கு 20 செ.மீ. வர வேண்டும். வந்தது 33. அதாவது +3! கேமராவில் மாட்டி, இன்ஃபினிட்டியில் வைத்து, ஸ்டீல் ஸ்கேலைப் படம் எடுத்தேன். 1.25 மடங்குக்குப் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் தெரிய வேண்டும். முப்பதுக்குப் பக்கத்தில் தெரிந்தது. இரண்டு கண்ணாடி என்றதும் பொய், +5 என்றதும் பொய்.

விற்றவரிடம் போனில் கேட்டால், "சார், டெலி லென்ஸ்ல எல்லாம் அப்படித்தான் வரும், எஃப் 22 வைங்க" என்றார். பிரதிபிம்பக் கணக்கைச் சொன்னேன். "அது கோட்டிங் சார், உங்களுக்குப் புரியாது." கடைசியில், பெட்டியைப் பிரித்துவிட்டால் ரிட்டர்ன் கிடையாது என்று முடித்துவிட்டார். பிரிக்காமல் ஒரு லென்ஸை எப்படிச் சோதிப்பது? எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அந்த இடத்தில்தான். காசு சேர்த்து முதல் தடவையாக மேக்ரோ பக்கம் வருகிற ஒரு கல்லூரிப் பையன் இந்தப் பதிலை நம்பி, தன் கைதான் சரியில்லை என்று விட்டுவிடுவான்.

தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, "பிளஸ் மூணு தம்பி, இதுல அஞ்சு எங்க இருக்கு?" என்றார். கடைத் தாளில் எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்தார். புகாருக்கு அதுதான் பெரிய பலமாக இருந்தது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. 'பிரித்தால் ரிட்டர்ன் இல்லை' என்ற பேச்சு இதற்கு முன் நிற்காது. விற்பனைத் தளம் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதையும் தாண்டி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது.

விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ஸ்கேல் படம், கண்ணாடிக் கடைத் தாள் மூன்றையும் வைத்துக் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். முதலில் பாதிப் பணம் தருகிறோம், லென்ஸை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒப்புக்கொள்ளாமல் 1915-இல் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் முழுத் தொகையும் வந்தது. கூரியர் செலவு மட்டும் வரவில்லை, அதை நான் துரத்தவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை ஆர்டர் போடும்போதே எடுத்து வையுங்கள். நான் புகார் செய்த பிறகு அந்தப் பக்கத்தில் 'இரண்டு கண்ணாடி' என்ற வரி காணாமல் போய்விட்டது.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் இரண்டே கேள்வி எழுத்தில் கேளுங்கள்: எத்தனை கண்ணாடி எத்தனை தொகுதியில் இருக்கிறது, குவியத்தூரம் எத்தனை மில்லிமீட்டர். உண்மையான அக்ரோமேட் விற்பவருக்கு இந்த இரண்டும் விரல் நுனியில் இருக்கும். 'ஹெச்டி', 'ப்ரோ', 'மல்ட்டி கோட்டிங்' என்று பதில் வந்தால் ஆர்டர் போடாதீர்கள்.

அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறது. படத்தை மாற்றி, 52, 58, 67 மூன்று அளவிலும் அதே தகரப் பெட்டியை விற்கிறார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் பிரதிபிம்பத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டுதான் தெரிகிறது என்றால் அன்றைக்கே புகார் கொடுத்துவிடுங்கள்.