குற்றாலமா, ஒகேனக்கலா: தடை போட்டால் எது தேவலை?

ஜூலை, ஆகஸ்டில் குடும்பத்தோடு அருவியில் குளிக்கப் போவதென்றால் என் ஓட்டு குற்றாலத்துக்கே. எண்ணெய்த் தேய்ப்பு, மீன் வறுவல், பரிசல் என்று ஒகேனக்கலுக்கும் ஆசை இழுக்கும்தான். ஆனால் போனவர்கள் திருப்தியாகத் திரும்புவார்களா என்பது ஒரே கேள்வியில் அடங்கும்: பாதுகாப்புக்காகத் தடை போட்டால் எவ்வளவு நேரம் நீடிக்கும்?

குற்றாலத்துக்கு வருவது மேலே மலையில் பெய்கிற மழைத்தண்ணீர். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவை (ஆர்ச்) தாண்டிக் கொட்டினால் போலீஸ் யாரையும் இறங்க விடாது. மழை விட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடும். காலையில் தடை, சாயங்காலம் அனுமதி என்பது சீசனில் சகஜம். அதனால் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போனால் போதும். பேரருவி மூடியிருந்தாலும் புலியருவி, ஐந்தருவி என்று விசாரித்துப் பார்க்க இடம் இருக்கிறது.

ஒகேனக்கல் கதை வேறு. கர்நாடகத்தில் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) அணை அதன் முழு உயரமான 124.8 அடியை நெருங்கி, கபினி அணையும் நிரம்பினால் உபரி நீர் காவிரியில்தான் வரும். 2024 ஜூலை கடைசியில் நீர்வரத்து விநாடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டியது. அணை திறந்திருக்கும் வரை குளியலும் இல்லை, பரிசலும் இல்லை. நாள் கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் இழுக்கும். தர்மபுரியிலிருந்து 46 கி.மீ. போய்ப் பாறையை வேடிக்கை பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். ஒரே ஆறுதல், தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கும் காவிரி நீர்வரத்து தினமும் செய்தியில் வந்துவிடும். அணை நிலவரத்தையும் சேர்த்துப் பார்த்தால் கிளம்புவதா வேண்டாமா என்று வீட்டிலேயே முடிவெடுக்கலாம்.

குற்றாலத்தில் அந்த முன்னறிவு கிடைக்காது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அருவிக்கு அடியில் நிற்பவருக்கு இரைச்சலில் விசில் சத்தம்கூடக் கேட்காது. தெளிந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ உடனே வெளியே வந்துவிட வேண்டும். சின்னக் குழந்தைகள் இருந்தால் ஒருவர் கரையில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. இந்த ஒரு விஷயத்தில் ஒகேனக்கல்தான் மேல் என்று சொல்லத் தோன்றுகிறது.

மழைக்காலம் ஓய்ந்து, நீர்வரத்து சில ஆயிரம் கன அடியில் நிற்கும்போது ஒகேனக்கலுக்குப் போங்கள். பரிசலில் ஏறுமுன் லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கியையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிய சைஸ்; மாற்றித் தரச் சொல்லுங்கள்.