ஜெஸ்டா, வீடெஸ்டா, நோடே போதுமா? கவரேஜ் ரிப்போர்ட் ஓர் ஒப்பீடு

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் இறுதியாண்டு புரொஜெக்ட் செய்யும் பிள்ளைகள் கவரேஜ் பற்றி, அதாவது டெஸ்ட்டுகள் கோட்டின் எவ்வளவு பகுதியை ஓட்டிப் பார்த்தன என்ற கணக்கைப் பற்றிக் கேட்டால், கேள்வி பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் ஃபிரேம்வேர்க்குகளான ஜெஸ்ட், வீடெஸ்ட் ஆகியவற்றில் எது நல்லது, நோடில் உள்ளதே போதுமா என்பதாகவே இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, கணக்கை எடுப்பது யார் என்பது. வழி இரண்டு. இஸ்தான்புல் என்ற கருவி, கோட் ஓடுவதற்கு முன்பே அதைத் திருத்தி, ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டிலும் கிளையிலும் (இஃப் போன்ற இடத்தில் பிரியும் ஒவ்வொரு வழியிலும்) ஒரு கவுண்டரைச் செருகிவிடும். வி8 வழியில் கோட்டை யாரும் தொடுவதில்லை. எந்தப் பகுதி எத்தனை தடவை ஓடியது என்று நோடுக்குள் இருக்கும் வி8 எஞ்சினே குறித்துத் தரும். ஜெஸ்ட் இயல்பாக இஸ்தான்புல்லை எடுக்கிறது. வீடெஸ்ட்டும் நோடின் சொந்த டெஸ்ட் ரன்னரும் வி8-ஐ எடுக்கின்றன.

நெல் கொள்வனவுக் கணக்கு ஒன்றை வைத்துப் பார்ப்போம். மூடையின் ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால் கிலோ விலையில் ஒரு தொகையைக் கழிக்கும் ஃபங்ஷன். உள்ளே ஒரு இஃப் மட்டும், எல்ஸ் எழுதவில்லை. டெஸ்ட்டும் ஒன்றே ஒன்று, ஈரப்பதன் 17. இஸ்தான்புல் இதற்குக் கிளைக் கவரேஜ் 50 சதவீதம் என்று சொல்லும். எச்டிஎம்எல் ரிப்போர்ட்டைத் திறந்தால் அந்த இஃப் வரிக்கு முன்னால் கறுப்புப் பெட்டியில் மஞ்சளாக ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும்: எல்ஸ் பக்கம் ஒருமுறையும் போகவில்லை என்று பொருள். அதே டெஸ்ட்டை நோடின் ரன்னரில் ஓட்டினால் 100 என்று வரும். எழுதாத எல்ஸை வி8 தனிக் கிளையாக எண்ணுவதில்லை. காய்ந்த நெல்லுக்கு விலை சரியாக வருகிறதா என்று யாரும் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டோ முழுப் பச்சை. எல்லை மதிப்பான 14-ஐ சோதித்தீர்களா என்று இரண்டுமே கேட்காது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

புதியவர்களைக் குழப்புவது இன்னொன்று. ஒருமுறையும் அழைக்கப்படாத ஃபங்ஷனுக்குள் இருக்கும் கிளைகளை வி8 தனித்தனியாகச் சொல்வதில்லை. சிறுபோகக் கணக்கு ஃபங்ஷனுக்குள் ஆறு கிளைகள் இருந்து, டெஸ்ட் எதுவும் இல்லையென்றால் அந்த ஆறும் மொத்தத்தில் சேராது. அதற்கு ஒரு டெஸ்ட் எழுதியதும் உள்ளே தொடாமல் விட்ட கிளைகள் வெளியே வரும், சதவீதம் இறங்கும். டெஸ்ட் கூடியிருக்கிறது, எண் குறைந்திருக்கிறது. பிழை எங்கும் இல்லை, டெஸ்ட்டை அழித்துவிடாதீர்கள்.

வீடெஸ்ட் 4 இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டது. வி8 தரும் எண்களை அது சின்டாக்ஸ் மரத்தோடு (கோட்டின் அமைப்பைப் பிரித்துக் காட்டும் மரம்) பொருத்தி, இஸ்தான்புல்லின் கணக்குக்கு இணையாக மாற்றுகிறது. 3.2-இல் விருப்பத் தேர்வாக இருந்தது 4-இல் இயல்பாகவே வந்துவிட்டது. ஒரு ஓட்டை மிஞ்சியிருக்கிறது. நீங்கள் அழைத்த ஃபங்ஷன் எர்ரர் வீசினால் அதற்கு அடுத்த வரி ஓடியிருக்காது, ஆனால் வி8 அதையும் ஓடியதாகவே காட்டும். ஸ்டேட்மென்ட்டுக்கு ஒரு கவுண்டர் வைத்திருக்கும் இஸ்தான்புல் இங்கே ஏமாறாது. எர்ரர் கையாளும் கோட் நிறைய இருந்தால் வீடெஸ்ட்டிலேயே கணக்கெடுக்கும் புரொவைடரை இஸ்தான்புல் என்று மாற்றிக்கொள்ளலாம்.

அமைப்பதில் ஜெஸ்ட்தான் எளிது. தனிப் பக்கேஜ் வேண்டாம்; கொமாண்டின் கடைசியில் --கவரேஜ் போட்டால் போதும். ஆனால் டெஸ்ட் ஓடும்போது லோட் ஆன ஃபைல்களை மட்டுமே அது கணக்கிடும். பத்து ஃபைலில் மூன்றுக்கு டெஸ்ட் இருந்தால் அந்த மூன்றின் சதவீதமே உங்கள் முழு புரொஜெக்ட்டின் சதவீதம் போலத் தெரியும். கொன்ஃபிக்கில் ‘கலெக்ட் கவரேஜ் ஃப்ரொம்’ என்ற இடத்தில் சோர்ஸ் ஃபோல்டரின் ஃபைல்களைக் குறிக்கும் குளோப் வடிவத்தை (src/**/*.js போல) கொடுத்தால் மற்ற ஏழும் பூச்சியமாக வந்து நிற்கும். வீடெஸ்ட் 4-லும் இதே நிலைமைதான், அங்கே கவரேஜ் பகுதிக்குள் ‘இன்க்ளூட்’. எதைத் தேர்ந்தாலும் முதலில் இந்த வரியை எழுதுங்கள்.

வீடெஸ்ட்டுக்குக் கவரேஜ் பக்கேஜைத் தனியாகப் போட வேண்டும். அதன் வேர்ஷனும் வீடெஸ்ட்டின் வேர்ஷனும் அச்சொட்டாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அப்டேட் செய்தால் இன்ஸ்டோல் பியர் டிபென்டன்சி (ஒன்றுக்கொன்று தேவைப்படும் பக்கேஜ்களின் வேர்ஷன் பொருந்தவில்லை) என்று முரண்டு பிடிக்கும். ஹொட்ஸ்பொட் டேட்டாவில் வேலை செய்பவர்கள் இரண்டையும் ஒரே கொமாண்டில் போடுவது நல்லது, பாதியில் நின்று திரும்ப இறக்கும் செலவு மிச்சமாகும்.

டேட்டாவே செலவாகக் கூடாது என்றால் நோட் போதும். --டெஸ்ட் உடன் --எக்ஸ்பெரிமென்டல்-டெஸ்ட்-கவரேஜ் சேர்த்தால் வரி, கிளை, ஃபங்ஷன் மூன்றும் டெர்மினலிலேயே வரும். எச்டிஎம்எல் பக்கம் தராது, எல்கொவ் ஃபைல் (மற்றக் கருவிகள் படிக்கக்கூடிய கவரேஜ் ஃபைல்) தரும். சின்ன ஏபிஐ, கட்டளை வரிக் கருவி போன்றவற்றுக்கு இதுவே என் தேர்வு. மோக்கா என்ற டெஸ்ட் ஃபிரேம்வேர்க்கில் இருப்பவர்கள் ஈஎஸ் மொடியூல் (இம்போர்ட், எக்ஸ்போர்ட் முறை) எழுதினால், இஸ்தான்புல்லின் கட்டளை வரிக் கருவியான என்வைசியோடு மல்லுக்கட்டாமல், வி8 வழியில் கணக்கெடுக்கும் சி8-க்கு மாறிவிடலாம்.

4 ஜிபி ராம் லப்டொப்பில் கவரேஜ் ஓட்டும்போது மெஷின் உறைந்துவிட்டால் ஃபிரேம்வேர்க்கைக் குறை சொல்ல வேண்டாம். ஜெஸ்ட் கோர் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து அத்தனை வேர்க்கரை (ஒரே நேரத்தில் டெஸ்ட் ஓட்டும் புரொசஸ்களை) எழுப்பும். --மேக்ஸ்வேர்க்கர்ஸ் 2 என்று கொடுத்துப் பாருங்கள். வீடெஸ்ட்டிலும் அதே பெயர்தான். ரிப்போர்ட்டைப் பார்க்க இன்டர்நெட் தேவையில்லை. ஜெஸ்ட் அதைக் கவரேஜ் ஃபோல்டருக்குள் எல்கொவ்-ரிப்போர்ட் என்ற இடத்தில் வைக்கும், வீடெஸ்ட் கவரேஜ் ஃபோல்டரிலேயே வைக்கும். அந்த ஃபோல்டரை கிட்-இக்னோரில் சேர்க்க மறந்தால் ஒவ்வொரு புஷ்ஷிலும் ரிப்போர்ட் ஃபைல்கள் சேர்ந்து போகும்.

வீடெஸ்ட்டில் டைப்ஸ்கிரிப்ட் எழுதும்போது, ஒரு பகுதியைக் கணக்கில் விடச் சொல்லும் ‘இஸ்தான்புல் இக்னோர்’ கொமென்ட் வேலை செய்யவில்லையென்றால், டைப்ஸ்கிரிப்ட்டை ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றும் ஈஎஸ்பில்ட் கொமென்ட்டை அழித்துவிட்டது என்று அர்த்தம். கொமென்ட்டின் முடிவில் இரண்டு சிறுகோடு (--) போட்டு @பிரிசேர்வ் என்று சேருங்கள், தங்கும்.

கவரேஜுக்குக் குறைந்தபட்ச அளவை வைக்கும்போது சின்ன புரொஜெக்ட்டில் சதவீதத்தைத் தவிர்க்கலாம். ஐம்பது கிளை உள்ள இடத்தில் ஒரு கிளை என்றால் 2 சதவீதம், சும்மா ஆடும். ஜெஸ்ட்டும் வீடெஸ்ட்டும் மைனஸ் எண்ணை ஏற்கும்: -10 என்றால் பத்துக்கு மேல் விடுபடக் கூடாது, மீறினால் பில்ட் விழும். இருக்கும் புரொஜெக்ட்டில் புரொவைடரை மாற்றுவதென்றால் அந்த மாற்றத்தை மட்டும் ஒரு கொமிட்டாகப் போட்டு, புதிய எண்ணைப் பார்த்து, அளவை அடுத்த கொமிட்டில் திருத்துங்கள். இரண்டையும் சேர்த்தால் எண் இறங்கியது டெஸ்ட் போனதாலா, எண்ணும் முறை மாறியதாலா என்று பின்னால் பார்ப்பவருக்குப் பிடிபடாது.