ஹோல்டன் கார், ஃபோர்டு ரேஞ்சர்: கரை கடந்தது எது?

ஆஸ்திரேலியாவில் வடிவமைத்த வண்டிகளில் வெளிநாட்டுக்குப் போய்ப் பிழைத்தது எது என்று கேட்டால், மனசு அமெரிக்க ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) நிறுவனத்தின் ஆஸ்திரேலிய பிராண்டாக இருந்த ஹோல்டன் பக்கம்தான் சாயும். ஹோல்டனின் மொனாரோ காரை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி, ஜிஎம்மின் இன்னொரு பிராண்டான போண்டியாக் பெயரில் 2004-ல் போண்டியாக் ஜிடிஓ என்று விற்றார்கள், 5.7 லிட்டர் வி8 இன்ஜின், பின்சக்கர இழுவை, ஓட்டியவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் அந்த ஊர் மோதல் விதிகளுக்காகப் பெட்ரோல் டேங்கை டிக்கிக்குள் தள்ளியதில் டிக்கி பாதியாகச் சுருங்கிவிட்டது, ஒரு பெரிய சூட்கேஸ் வைப்பதே பெரும்பாடு. அப்புறம் அதே போண்டியாக் பெயரில் ஜி8 என்ற ஹோல்டன் கார் வந்தது, வந்த வேகத்தில் போண்டியாக் பிராண்டையே ஜிஎம் மூடிவிட்டது. கடைசியாக செவர்லே பெயரில் போன எஸ்எஸ்-சும் 2017-ல் ஹோல்டனின் அடிலெய்டு ஆலையோடு முடிந்தது. ஆஸ்திரேலிய டாலர் ஏறினால் லாபம் கரையும். ஒரே ஆலை, ஒரே பெரிய வாடிக்கையாளர் என்றால் அப்படித்தான்.

ஃபோர்டு ரேஞ்சர் கதை வேறு. 2011-ல் வந்த அந்த பிக்கப்பை வடிவமைத்தது ஆஸ்திரேலியாவில், சோதித்தது ஜீலாங் பக்கத்து யூ யாங்ஸ் மைதானத்தில், ஆனால் தயாரித்ததோ தாய்லாந்து, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா. 2016-ல் ஃபோர்டு ஆஸ்திரேலியாவில் கார் தயாரிப்பை நிறுத்தியும் வடிவமைப்பு வேலை நிற்கவில்லை. 2016-ல் நம்ம ஊருக்கு வந்த ஃபோர்டு எண்டெவரும் இதே அடித்தளம்தான், மறைமலைநகரில் செய்தது! இப்போதைய ஃபோக்ஸ்வாகன் அமரோக்கும் ரேஞ்சரின் உடன்பிறப்புதான்.

ஓட்டுவதற்கு எனக்கு ஹோல்டன்தான் வேண்டும். பணம் போடச் சொன்னால், சந்தேகமே இல்லை, ரேஞ்சர்.